டிப்ளாய் ஆன தளத்தைச் சோதிக்கும் பைதான் கருவி: இம்போர்ட் வரிகளைச் சுருக்க எந்த வழி?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் போன மாதம் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு சோதனைக் கோப்பு, மொத்தம் 38 வரி. அதில் 11 வரி இம்போர்ட், அதாவது வேறு கோப்புகளிலுள்ள கோடை இங்கே கொண்டுவரும் வரிகள். அதற்கும் மேலே, எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று பைதானுக்குச் சொல்லும் 3 வரி. "அண்ணே, பயனர் உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. அதற்கு இவ்வளவு வேண்டுமா?" என்று கேட்டார். அதே வாரம் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் கிட்டத்தட்ட இதையே கேட்டிருந்தார்கள். சிஸ் பாத்தில் (பைதான் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்ப்பதா, பைதான்பாத் (அதே பட்டியலில் வெளியிலிருந்து ஃபோல்டர் சேர்க்கும் சூழல் மாறி) வைப்பதா என்று ஒருவர். எல்லாப் பெயர்களையும் இனிட் கோப்பில் (ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்ததும் முதலில் ஓடும் கோப்பு) கொண்டுவந்து வைத்துவிட்டால் போதாதா என்று இன்னொருவர். மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

## முதலில் இரண்டு கேள்விகளைப் பிரிப்போம்

இம்போர்ட்டைச் சுருக்குவது என்று பேசும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, பைதான் அந்த மாட்யூலை, அதாவது கோடு இருக்கும் கோப்பை, எங்கே தேடுகிறது. மற்றது, கிடைத்த மாட்யூலை நாம் என்ன பெயரில் அழைக்கிறோம். சிஸ் பாத், பைதான்பாத், பிப் இன்ஸ்டால் (பைதான் நூலகங்களை நிறுவும் கட்டளை) மூன்றும் முதல் கேள்விக்குப் பதில். இனிட் கோப்பில் பெயர்களை எடுத்து வைப்பதும், பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் ஃபிக்ஸ்சரும் (சோதனைக்கு வேண்டியதைத் தயாரித்துத் தரும் ஃபங்ஷன்) இரண்டாவதற்குப் பதில். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரியில் வருவதா பாலத்தில் வருவதா என்று ஒப்பிடலாம். ஃபெரியா லிட்டில் இந்தியாவா என்று ஒப்பிட முடியாது. குழம்பி நிற்கும் பலர் ஒப்பிட முடியாத இந்த வகைக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கருவியின் பெயர் காவல் என்று வைத்துக்கொள்வோம். (பைதான் 3இல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். குழுவில் எல்லோரும் தமிழில் தட்டச்சு செய்ய மாட்டார்கள் என்பதால் வேலையிடத்தில் நான் வைப்பதில்லை.) உள்ளே அமர்வு, உலாவி, கட்டணம், பிழைகள், துடைப்பு (சோதனைக்காகச் செய்த பதிவை அழிப்பது) என்று ஐந்து மாட்யூல்கள். சோதனைகள் தனி ஃபோல்டரில். டியூஷன் வகுப்புக்கு இடம் பதிவு செய்யும் ஒரு தளத்தை அது காவல் காக்கிறது. ஒவ்வொரு டிப்ளாய் (புதிய கோடை சர்வரில் ஏற்றுவது) முடிந்ததும் தளத்தைத் திறக்கும், உள்நுழையும், ஓர் இடம் பதியும், எஃப்பிஎக்ஸ் (மலேசியாவின் இணைய வங்கி வழி) பணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பார்க்கும், கடைசியில் தான் செய்த பதிவை அழிக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: ஒரே இம்போர்ட் வரி எல்லா இடத்திலும் அப்படியே வேலை செய்ய வேண்டும். என் மடிக்கணினி, புதிதாகச் சேர்ந்தவரின் விண்டோஸ் கணினி, சிஐ சர்வர் (கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டுவது), இரவில் ஓடும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) என்று நான்கு இடம்.

இரண்டாவது: இம்போர்ட் உடைந்தால் அது தளம் விழுந்ததுபோல் தெரியக்கூடாது. பைடெஸ்ட் இதற்கு ஓர் உதவி செய்கிறது. சோதனை தோற்றால் வெளியேறும் எண் 1. சோதனைக் கோப்பைப் படிக்கும்போதே இம்போர்ட் பிழை வந்து நின்றுவிட்டால் 2. ஒரு சோதனைகூடக் கிடைக்காவிட்டால் 5. எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட் "பூஜ்யம் இல்லை" என்று மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு வீணாகிவிடும்.

மூன்றாவது: சோதனை எழுதுகிறவர் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எங்கள் குழுவில் சோதனை எழுதும் இரண்டு பேர் பல ஆண்டுகள் கையால் சோதித்து வந்தவர்கள். தளத்தை அவர்கள் அளவுக்கு நான் அறியேன். ஃபோல்டர் அமைப்பை மனப்பாடம் செய்யச் சொல்லி அவர்களை நிறுத்துவது நியாயமில்லை.

நான்காவதுதான் இந்த வகைக் கருவிக்கே உரியது, ஆனால் யாரும் கேட்காதது: கருவி ஆப்பின் சொந்தக் கோடை இம்போர்ட் செய்துவிடக் கூடாது. யூனிட் டெஸ்ட்டுக்கு ஆப்பின் கோடு கட்டாயம் வேண்டும். டிப்ளாய் ஆன தளத்தைச் சோதிப்பது அப்படியில்லை, அது வெளியிலிருந்து எச்டிடிபி வழியாக மட்டும் பேச வேண்டும். எதிர்பார்க்கும் கட்டணத்தைக் கணக்கிட ஆப்பிலுள்ள ஃபங்ஷனையே இழுத்துக்கொண்டால், அந்த ஃபங்ஷனில் இருக்கும் தவறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். சோதனை பச்சையாகவே இருக்கும், பெற்றோர் தவறான தொகையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முகவரிப் பட்டியலை இழுத்தால் வேறு சிக்கல். உங்கள் மடிக்கணினியில் இருப்பது இன்று காலை மாற்றிய கோடு, சர்வரில் ஓடுவது போன வாரத்தது. இல்லாத முகவரியைத் தேடிவிட்டுத் தளம் உடைந்தது என்று கருவி சொல்லும். இம்போர்ட்டை எளிதாக்க நாம் எடுக்கும் சில வழிகள் இந்தக் கதவையும் சேர்த்தே திறந்துவிடுகின்றன. அதைக் கவனிக்காமல் வரி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

ஐந்தாவது, தொடங்கும் நேரம். டிப்ளாய் ஆன கையோடு ஓடும் சோதனை என்பதால் இதுவும் கணக்கில் வரும்.

## சிஸ் பாத்தில் கைவைப்பது

கோப்பின் தலையிலேயே, மேல் ஃபோல்டரை சிஸ் பாத் பட்டியலில் நுழைத்துவிடும் வழி. எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் முடியும். ஒரே ஒரு ஸ்கிரிப்ட், ஒரே ஓர் ஆள், இன்று மாலையே தேவை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது, மூன்றாவது கோப்பில்தான் தெரியவரும். ஒருவர் மேல் ஃபோல்டரைச் சேர்ப்பார், இன்னொருவர் காவல் ஃபோல்டரையே சேர்ப்பார். இப்போது பிழைகள் மாட்யூலுக்கு இரண்டு பெயர்: காவல் புள்ளி பிழைகள் என்பது ஒன்று, வெறும் பிழைகள் என்பது மற்றொன்று. பைதான் மாட்யூல்களைப் பெயரை வைத்துத்தான் நினைவில் வைக்கிறது. ஆகவே ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றிவிடும், உள்ளே இருக்கும் கிளாஸ்களும் இரட்டிப்பாகும். அமர்வு காலாவதியானால் பிடித்து மறுபடி உள்நுழைய நான் எழுதிய எக்ஸெப்ட் வரி ஒரு வாரம் முழுக்க எதையும் பிடிக்காமல் இருந்தது இதனால்தான். எறியப்பட்டதும் பிடிக்கக் காத்திருந்ததும் பெயரளவில் ஒன்று, உண்மையில் இரண்டு வேறு கிளாஸ். இந்தப் பிழை தன்னை இம்போர்ட் பிழை என்று சொல்லிக்கொள்வதே இல்லை. தேடிக் களைத்துப் போவோம்.

நான்காவது அளவுகோலிலும் இந்த வழி தோற்கிறது. ஆப்பும் காவலும் ஒரே ரெப்போவில் (கோடு சேமிப்பகம்) இருந்தால், மேல் ஃபோல்டரைச் சேர்த்த அந்த நொடியிலேயே ஆப்பின் மாட்யூல்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

## பைதான்பாத், அல்லது பைடெஸ்ட் அமைப்பில் ஒரு வரி

இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சேர்த்துப் பார்க்கிறேன். கோப்புகளுக்குள் ஒட்டு வேலை இருக்காது, பாதையை வெளியே ஓரிடத்தில் சொல்லிவிடுகிறோம். பைதான்பாத் என்றால் ஷெல்லின் சூழல் மாறியில். பைடெஸ்ட் 7.0 முதல், அதாவது 2022இலிருந்து, பைடெஸ்ட்டின் அமைப்புக் கோப்பிலேயே அதே பெயரில் ஒரு வரி எழுதலாம்.

பைதான்பாத் எங்களுக்குச் சிரமம் கொடுத்த கதையைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை 5:30க்கு, தளம் விழுந்துவிட்டது என்று என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. வகுப்பு நடத்தும் அக்காவை எழுப்பினேன். அவரும் பதறிப்போய் ஆசிரியர்கள் குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டார். தளம் நன்றாகத்தான் இருந்தது. முந்தைய நாள் நாங்கள் வேறு சர்வருக்கு மாறியிருந்தோம். என் ஷெல்லில் பைதான்பாத் இருந்தது, கிரான் வேலைக்கு அது போய்ச் சேரவில்லை. நாம் டெர்மினலைத் திறக்கும்போது படிக்கப்படும் தொடக்கக் கோப்புகளை கிரான் படிப்பதில்லை. மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பிழையை எங்கள் எச்சரிக்கை ஸ்கிரிப்ட் தளத்தின் மரணச் செய்தியாக மாற்றியிருந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் இரண்டு அளவுகோல்களையும் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்தக் காலையால்தான்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவருக்கு இன்னொரு சிறு தடை: பாதைகளைப் பிரிக்க லினக்ஸில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைதான்பாத்தில் உள்ள ஃபோல்டர்கள் பைதானின் சொந்த நூலகத்துக்கு முன்பாகவே தேடப்படும். தளம் மின்னஞ்சல் அனுப்பியதா என்று பார்க்க ஈமெயில் என்று ஒரு கோப்பு வைப்பது எந்த வலைச் சோதனைக் கருவியிலும் இயல்பு. பைதானின் நூலகத்திலும் ஈமெயில் என்று ஒரு பேக்கேஜ் உண்டு, பைதானின் எச்டிடிபி கிளையன்ட்டே அதைத்தான் நம்பியிருக்கிறது. பாதை காவல் ஃபோல்டருக்கு உள்ளேயே சுட்டினால் உங்கள் ஈமெயில் கோப்பு அதை மறைத்துவிடும். பிறகு ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது.

பைடெஸ்ட் அமைப்பில் எழுதும் வரி இதைவிட நல்லது. அது ரெப்போவோடு சேர்ந்தே போகும், எல்லோருக்கும் ஒரே மாதிரி, கிரானுக்கும் பொருந்தும். கருவி முழுக்க முழுக்க பைடெஸ்ட் வழியாகவே ஓடுகிறது, வேறெதுவும் அதைக் கூப்பிடுவதில்லை என்றால் இதுவே போதும். சிறு குழுக்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் துடைப்பை மட்டும் தனியாக ஓட்டும் ஒரு கட்டளை வேண்டுமென்றால் அங்கே இந்த வரி உதவாது, அது பைடெஸ்ட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

இந்த இடத்தில் பலரைச் சுற்றவைக்கும் ஒன்று: பைதான் ஹைஃபன் எம் பைடெஸ்ட் என்று ஓட்டினால் நாம் நிற்கும் ஃபோல்டரும் தேடும் இடங்களில் சேரும். வெறும் பைடெஸ்ட் என்று ஓட்டினால் சேராது. உங்கள் மடிக்கணினியில் ஓடுவது சிஐயில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

## பிப் வழியாகக் காவலை நிறுவிவிடுவது

காவலை ஒரு முறையான பேக்கேஜாக ஆக்கி, மெய்நிகர் சூழலுக்குள் (ஒரு திட்டத்துக்கென்று தனியே வைக்கும் பைதான் அமைப்பு) எடிட்டபிள் முறையில் நிறுவுவது. கட்டளையில் ஹைஃபன் இ சேர்த்தால் போதும். கோப்புகள் உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கும், திருத்தினால் உடனே பலிக்கும், ஆனால் பைதானுக்கு அது ரிக்வெஸ்ட்ஸ் போல நிறுவப்பட்ட நூலகம். யார், எந்த ஃபோல்டரில் நின்று, எப்படி ஓட்டினாலும் காவல் புள்ளி அமர்வு என்பது ஒரே பொருள்தான்.

பழைய காலத்தில் இதற்கு செட்டப் கோப்பு எழுத வேண்டியிருந்தது, பலர் அதற்கே பயந்தார்கள். 2021இல் வந்த பெப் 660 என்ற பைதான் மேம்பாட்டு முன்மொழிவுக்குப் பிறகு பைபுராஜெக்ட் டாமல் கோப்பு ஒன்றே போதும். பிப் 21.3, செட்டப்டூல்ஸ் (பேக்கேஜைக் கட்டும் நூலகம்) 64 முதல் இது வேலை செய்கிறது. 10, 12 வரிக்குள் எழுதி முடித்துவிடலாம். அதே கோப்பில் கட்டளைப் பெயரையும் அறிவித்துவிட்டால், துடைப்பைத் தனியாக ஓட்டும் கட்டளையும் கிடைத்துவிடும்.

இதிலும் செலவு உண்டு. ரெப்போவின் மேல்மட்டத்தில் காவல், சோதனைகள், தரவு என்று பல ஃபோல்டர்கள் கிடந்தால் எதை நிறுவுவது என்று தெரியாமல் செட்டப்டூல்ஸ் மறுத்துவிடும். காவலை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் நகர்த்துவதுதான் சுத்தமான தீர்வு. அந்த ஒரு நாள் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நகர்த்தலே நான்காவது அளவுகோலையும் காப்பாற்றுகிறது. எஸ்ஆர்சிக்குள் இருப்பது மட்டுமே நிறுவப்படும் என்பதால், ஆப்பின் கோடை யாராவது இழுத்தால் சிஐயில் உடனே பிழை வரும். எடிட்டரில் தாவிப் போகும் வசதி சில எடிட்டபிள் அமைப்புகளில் வேலை செய்யாமல் போவதுண்டு, எஸ்ஆர்சி அமைப்பில் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு செலவு தரவுக் கோப்புகள். எதிர்பார்க்கும் பதில்களை ஜேசான் கோப்பாகப் பக்கத்தில் வைத்து, நிற்கும் ஃபோல்டரை நம்பித் திறந்திருந்தால் வேறு இடத்திலிருந்து ஓட்டும்போது உடையும். பேக்கேஜ் தரவாக அறிவித்து, இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியாகத் திறக்க வேண்டும். மடிக்கணினியில் எடிட்டபிளாகவும் சிஐயில் சாதாரணமாகவும் நிறுவுங்கள். விட்டுப்போன தரவுக் கோப்பு சிஐயில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, இரண்டு பேருக்கு மேல் பயன்படுத்தும் கருவி என்றால் என் பதில் இதுதான்.

## இனிட் கோப்பை வாசலாக்குவது

இனி இரண்டாவது கேள்வி. அமர்வு, கட்டணம் ஆகியவற்றின் முக்கியப் பெயர்களைக் காவலின் இனிட் கோப்பில் எடுத்து வைத்தால், சோதனை எழுதுகிறவர் காவலிடமிருந்து நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம். தம்பியின் 11 வரி ஒன்றாகும். உள்ளே கோப்புகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் வெளியே யாருக்கும் தெரியாது. இது பெரிய நன்மை.

ஆனால் வாசலில் எல்லாவற்றையும் வைத்தால் எல்லாமே ஏறும். ஒரு பக்கம் 200 (எல்லாம் சரி) என்று பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைக்காக உலாவியை இயக்கும் நூலகம் முழுவதும் ஏறும். எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பைதானின் எக்ஸ் இம்போர்ட்டைம் என்ற தெரிவைக் கொடுத்து நீங்களே அளக்கலாம். உள் மாட்யூல்கள் வாசல் வழியாகவே ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால் வட்ட இம்போர்ட் வரும். பாதி ஏறிய மாட்யூல் என்று பைதான் முறையிடும். உள்ளே இருப்பவர்கள் வாசலுக்கு வெளியே வந்து மறுபடி நுழையக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. பேக்கேஜுக்குள் ஒரு புள்ளி வைத்த ரிலேட்டிவ் இம்போர்ட் போதும்.

கனத்தைக் குறைக்க, பைதான் 3.7இல் பெப் 562 கொண்டுவந்த வசதியால் பெயர் கேட்கப்படும்போது மட்டும் ஏற்றலாம். சாதாரண நூலகத்துக்கு இது அருமை. டிப்ளாய் ஆன தளத்தைத் தொடும் கருவிக்கு ஓர் எச்சரிக்கை: இம்போர்ட் பிழை தொடக்கத்தில் வராமல் சோதனையின் நடுவில் வரும். உண்மையான தளத்தில் ஓர் இடத்தைப் பதிந்துவிட்டு, அழிக்கப் போகும் நேரத்தில் துடைப்பு ஏறாமல் போனால், இல்லாத மாணவருக்கு வகுப்பில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்போம். உலாவியைத் தாமதமாக ஏற்றுங்கள். துடைப்பை ஒருபோதும் தாமதிக்காதீர்கள்.

நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும், வேண்டாம்.

## இம்போர்ட்டே இல்லாமல்: ஃபிக்ஸ்சர்

பைடெஸ்ட்டில் சோதனை ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் அமர்வு என்று எழுதினால் போதும், அந்தப் பெயருள்ள ஃபிக்ஸ்சரை அதுவே தேடிக் கொண்டுவந்து தரும். பைடெஸ்ட் தானாகவே படிக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில் அதை வைக்கலாம். காவலை நிறுவியிருந்தால் பைடெஸ்ட்டின் பிளகினாகவே அறிவித்துவிடலாம், அப்போது கான்ஃப்டெஸ்ட்கூட வேண்டாம். சோதனை முடிந்ததும் பதிவை அழிக்கும் வேலையையும் ஃபிக்ஸ்சருக்குள்ளேயே வைக்க முடிவது இதன் தனிப் பலம். சோதனை நடுவில் தோற்றாலும் துடைப்பு ஓடும்.

கையால் சோதித்துப் பழகிய நம் இரண்டு பேருக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் முதல் வாரம் இருவரும் கேட்டது ஒன்றே: "இந்த அமர்வு எங்கிருந்து வருகிறது?" பெயர் மட்டும் வருகிறது, ஊர் தெரிவதில்லை. பைடெஸ்ட்டிடம் ஃபிக்ஸ்சர்ஸ் என்ற தெரிவைக் கொடுத்துக் கேட்டால் பட்டியலும் விளக்கமும் வரும். அந்த விளக்கத்தை நாம் எழுதியிருந்தால்தான் பயன். ஒவ்வொரு உதவிச் சிறு ஃபங்ஷனையும் ஃபிக்ஸ்சர் ஆக்கினால் குழப்பம் பெருகும். அமர்வு, உலாவி, பதிவு போல, தொடங்கி முடிக்க வேண்டியவற்றுக்கு மட்டும் வையுங்கள். தொகையை ரிங்கிட், சென் என்று பிரிக்கும் ஃபங்ஷன் சாதாரண இம்போர்ட்டாகவே இருக்கட்டும்.

## யாருக்கு எது

தனியாளாக, பைடெஸ்ட் மட்டும் வைத்து, ஒரு தளத்தைப் பார்க்கிறீர்களா? பைடெஸ்ட் அமைப்பில் ஒரு வரியும் இரண்டு ஃபிக்ஸ்சர்களும் போதும். பாதி நாள் வேலை.

கோலாலம்பூரிலிருந்து கேட்ட முதல் நண்பரைப் போல சிஐ, கிரான், மூன்று பேர் என்றால் நிறுவிவிடுங்கள். சிஸ் பாத்துக்கும் பைதான்பாத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. இனிட் கோப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: செய்யலாம், ஆனால் பாதைப் பிரச்சினை தீர்ந்த பிறகு. ஐந்தாறு பெயர்களுக்கு மேல் வாசலில் வைக்காதீர்கள்.

ஆப்பும் கருவியும் ஒரே ரெப்போவில் இருந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் எஸ்ஆர்சி நகர்த்தலைச் செய்யுங்கள்.

மாறும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நிறுவுதல், அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டராக சிஸ் பாத் வரிகளை அழித்தல். பழைய பெயர்களை உடனே எடுத்துவிடாதீர்கள். பழைய இடத்தில் ஒரு சிறு கோப்பை வைத்து, புதிய இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, காலாவதி எச்சரிக்கையும் எழுப்புங்கள். பைடெஸ்ட் அந்த எச்சரிக்கைகளை ஓட்டத்தின் முடிவில் தொகுத்துக் காட்டும். பட்டியல் காலியானதும் அந்தக் கோப்பை நீக்கலாம். கடைசியாக கிரான் வரியைத் திறந்து, மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைடெஸ்ட்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள். எச்சரிக்கை ஸ்கிரிப்ட்டில் 1 வந்தால் மட்டும் தளத்துக்காரருக்குச் செய்தி போகட்டும், 2ம் 5ம் வந்தால் நமக்கு வரட்டும். எங்கள் அக்காவின் எண்ணை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.